பழைய படகு, புரியாத சுவிட்சுகள்

நானும் தம்பியும் பங்கு போட்டுப் பழைய அமெரிக்க ஸ்கீ படகு ஒன்றை வாங்கினோம். தண்ணீரில் சறுக்குபவரைக் கயிற்றில் இழுத்துச் செல்லும் படகு அது. கையேடு இல்லை, சுவிட்சுகளின் எழுத்தும் அழிந்திருந்தது. "எல்லாத்தையும் அமுக்கிப் பார்ப்போம்ணே" என்றான் தம்பி. "முதல்ல நம்பரைப் பாருடா" என்றேன்.

படகின் பின்புற வலப்பக்கம் எழுத்தும் இலக்கமுமாக 12 இடங்கள் கொண்ட அடையாள எண் இருக்கும். அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் மாடல் ஆண்டு. அதை வைத்துக் கையேட்டைத் தேடிப் பிடித்தோம்.

பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. ஒரு சுவிட்ச் தொட்டிகளில் நீர் நிரப்பும். படகு கனத்தால் வேக்போர்டுக்குப் பெரிய அலை எழும். ஸ்கீக்குச் சிறிய அலைதான் வேண்டும். தொட்டி காலியாக இருக்கட்டும். சிவப்புச் சுருள் கயிறு, ஓட்டுநர் உடலில் மாட்டுவதற்கு. அவர் தவறி விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியம், எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் புளோவர். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தேங்கும். ஒரு தீப்பொறி போதும், படகே வெடிக்கும். எஞ்சினை முடுக்குமுன் 4 நிமிடமாவது புளோவர் ஓடட்டும். பிறகு அறையைத் திறந்து மோந்தும் பாருங்கள். வாடை இருந்தால் சாவியைத் தொடாதீர்கள்.

காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடலாம்.