கோழை என்று குத்திய முத்திரை

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். பெரும்பாலும் இருபதைத் தாண்டியிருந்த பையன்கள். 55,573 பேர் மாண்டார்கள். 30 முறை பறந்து திரும்பினால்தான் ஒரு சுற்று முடிந்து ஓய்வு. முட்டைக்கு ரேஷன் இருந்த நாட்டில், பறக்கப்போகும் இரவில் இவர்கள் தட்டில் முட்டை இருக்கும். நேற்று எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவனின் நாற்காலி இன்று காலியாக இருக்கும். லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் வாலில், கண்ணாடிக் கூண்டுக்குள், உறையும் குளிரில் பல மணி நேரம் ஒருவன் தனியாகத் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பான். இப்படிப் பறந்தவர்களில் ஒருவன் 'இனி என்னால் முடியாது' என்றால், அவன் ஏற்கெனவே இருபது முறை போய் வந்தவனாக இருந்தாலும், நெஞ்சுரம் அற்றவன் என்று பதிவேட்டில் எழுதிப் பறக்கும் சின்னத்தைப் பறித்துக்கொள்ள நிர்வாகத்துக்கு வழி இருந்தது. இதைப் படைக் கட்டுப்பாடு என்று என்னால் ஏற்க முடியவில்லை, பச்சைக் கொடுமை. லண்டனில் அந்தப் பிரிவுக்கு நினைவுச்சின்னம் எழவே 2012 ஆயிற்று. மனம் உடைந்தவர்களின் பெயர்களும் மரியாதையோடு சொல்லப்பட வேண்டும்.