மச்சான் பிடித்த கயிறு



வெளியூர்க்காரர்கள் தூத்துக்குடிக்கு வந்தால் என்ன செய்கிறார்கள்? பனிமய மாதா கோவிலைப் பார்க்கிறார்கள், மக்ரூன் இரண்டு பாக்கெட் வாங்குகிறார்கள், திருச்செந்தூர் பஸ் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. ரயிலுக்கே முத்துநகர் என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த முத்தை எடுத்தவர்களின் கதையைச் சொல்ல நாம் என்ன செய்திருக்கிறோம்?

சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கிரேக்கக் கடல்வழிக் குறிப்பிலேயே கொற்கை முத்து இடம் பெற்றுவிட்டது. தாமிரபரணி கொண்டுவந்த மண் சேர்ந்து கடல் விலகியது. கொற்கை இன்று உள்நாட்டுக் கிராமம். பிறகு தூத்துக்குடி தலையெடுத்தது. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என மூவரும் இந்தக் கரையை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு முத்துச்சிப்பி விளையும் பார்கள் ஒரு பெரிய காரணம்.

பாரில் இறங்குபவர் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, மூச்சடக்கி ஆழத்துக்குப் போவார். கிடைத்த சிப்பிகளைப் பையில் சேர்த்துக்கொண்டு கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். தாமதித்தால் உயிர் போய்விடும். அந்தக் கயிற்றை அண்ணன் தம்பியிடம் கொடுக்க மாட்டார்களாம், மச்சானிடம்தான் கொடுப்பார்களாம். தன் தங்கையின் தாலிக்காக அவன் கண் இமைக்காமல் பிடித்திருப்பான் என்ற நம்பிக்கை!

நம் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அன்று இருபது வயது இளைஞராக இறங்கியவருக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. எத்தனை நாள் சிப்பி எடுத்தார்கள், அரசுக்கு என்ன வருமானம் என்பதெல்லாம் கோப்புகளில் இருக்கும். எந்தக் காற்றில் கடல் தெளியும், சுறாவைக் கண்டால் என்ன செய்வது, மூச்சை எப்படிப் பழக்குவது என்பது அந்தப் பெரியவர்கள் வாயில்தான் இருக்கிறது.

அருங்காட்சியகம் வேண்டும் என்று நானும் கேட்கிறேன். பழைய துறைமுகத்தருகே ஒரு தோணியை நிறுத்தினால்கூட அழகாக இருக்கும். ஆனால் அதற்கு நிதி வரும்வரை அந்த வயது காத்திருக்காது. ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் இது: இந்த விடுமுறையில் பிள்ளைகளைத் திரேஸ்புரத்துக்கு அனுப்புங்கள். முத்துக்குளித்த தாத்தாக்களையும் இன்று சங்கு குளிப்பவர்களையும் பேசவைத்து, கையிலுள்ள செல்போனிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். செய்முறைத் திட்டத்துக்குச் சார்ட் ஒட்டுவதைவிட இது நல்ல பாடம்.

மேலே கயிற்றைப் பிடித்திருப்பது இப்போது நாம்தான். கீழிருந்து அவர்கள் அசைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.