வான்கோழிக்குக் குழம்புச் சட்டியே போதும்!

கிறிஸ்துமஸ் வந்தால் வான்கோழியை அமெரிக்கர்களைப் போல் முழுசாகச் சுட்டால்தான் பண்டிகை என்று நம்மில் சிலருக்கு ஒரு நினைப்பு. ஓவன் இல்லாத வீட்டில் ஏன் இந்த வீம்பு?

நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு, தொடைக்கறியில் சவ்வு அதிகம். தொடை வேகும்வரை காத்திருந்தால் நெஞ்சு காய்ந்து சக்கையாகும். நெஞ்சு பதமாக இருக்கும்போதே இறக்கினால் தொடை வேகாது. உள்ளே 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறையே எச்சரிக்கிறது. அரைவேக்காட்டில் பரிமாறினால் அவதிப்படுவது விருந்துக்கு வந்த குழந்தைகள்தான். முழுசாக எண்ணெயில் பொரிப்பது அதைவிட ஆபத்து! உறைந்த பறவையைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டு அங்கே வீடுகளே எரிந்திருக்கின்றன.

கடலாடிக்கு ஏற்ற வழி எளிது. துண்டு போடுங்கள். தொடையை முதலில் வேகவிட்டு, நெஞ்சைப் பிறகு சேருங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயை அரைத்து ஊற்றுங்கள். அடுப்புக்குச் சீமைக்கருவேல விறகு இருக்கவே இருக்கிறது.

"மேசையில் முழுசாக வைத்தால்தானே அழகு?" என்பார்கள். பண்டிகைச் சமையல் போட்டோவுக்கா, பந்திக்கா? சுட்ட பறவை ஒரு மேசையோடு முடிந்துவிடும். குழம்பு வைத்தால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும். அதுதானய்யா பண்டிகை!