காரின் திசைகாட்டியும் கிப்லாவும்



சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் சிங்கப்பெருமாள் கோயிலை நெருங்கும்போது அஸர் நேரம் வந்துவிடுவது நம்மில் பலருக்கும் பழக்கமானதே. சென்ற முறை நாம் குடும்பத்துடன் அவ்விடத்தில் காரை ஓரம் நிறுத்தினோம். காரின் முகப்பில் ஒளிர்ந்த திசைகாட்டியை நம்பி விரிப்பை விரித்தோம். வெயில் முதுகைச் சுட்டதை வீட்டுச் சிறுமி சொன்ன பிறகே, கிழக்கு நோக்கித் தொழுதிருக்கிறோம் என்பது விளங்கியது. மீண்டும் தொழுதோம்.

குற்றம் கருவியுடையது மட்டுமன்று. காரின் திசைகாட்டி பூமியின் காந்தப்புலத்தை உணர்ந்து இயங்குவது. கைப்பேசியைப் பிடித்து நிறுத்தக் காந்தத் தாங்கி ஒன்றை அதன் அருகிலேயே ஒட்டியிருந்தோம்! வண்டியின் இரும்பு உடலும் நாளடைவில் காந்தத்தன்மை பெறுவதுண்டு. ஆகவேதான் அதனை அவ்வப்போது சீர்செய்ய வேண்டும். காந்தப் பொருள்களை அகற்றிவிட்டு, மின்கம்பிகளும் இரும்புக் கட்டடங்களும் இல்லாத திறந்த வெளியில், கையேடு கூறும் முறைப்படி மெதுவாக ஓரிரு வட்டம் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நெடுஞ்சாலை ஓரம் அதற்குரிய இடமன்று. புறப்படுமுன் செய்துகொள்வதே நல்லது.

சரியாக இயங்கினாலும் அதன் எல்லையை அறிந்திருக்க வேண்டும். செங்கல்பட்டு வட்டாரத்தில் கிப்லா வடக்கிலிருந்து வலஞ்சுழியாகச் சுமார் 288 பாகை. அதாவது நேர் மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 18 பாகை விலகியது. எட்டுத் திசைகளை மட்டும் காட்டும் கருவியிலோ 'மேற்கு' என்னும் ஓர் எழுத்து 45 பாகையை அடக்கிக்கொள்கிறது. தொலைவில் இருப்போருக்குக் கஃபாவின் திசையே போதும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபில் பிரபலமான கருத்து இதைவிடக் கண்டிப்பானது. நம் கடலோர ஊர்களில் பலர் ஷாஃபிஈகள் என்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.

பயணத்தில் வாகனம் சென்ற திசையிலேயே உபரித் தொழுகைகளைத் தொழுத நபி (ஸல்) அவர்கள், கடமையான தொழுகைக்கு இறங்கிக் கிப்லாவை முன்னோக்கினார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. குபாவில் தொழுதுகொண்டிருந்தோர் செய்தி கிடைத்ததும் தொழுகையிலேயே திரும்பியதும் நாம் அறிந்ததே. எனவே முயன்று தவறியவருக்கு மார்க்கத்தில் இடமுண்டு. ஆனால் கண்ணெதிரே சூரியன் இருக்க, அதை ஏறிட்டும் பாராமல் ஓர் எழுத்தை நம்பியதை முயற்சி என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அருகே பள்ளிவாசல் இருக்கிறதா என்று ஒருவரிடம் கேட்டிருந்தாலும் போதுமே.

கருவியைச் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. மே 27, 28 தேதிகளில் நம் நேரம் பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 15, 16 தேதிகளில் 2.57 மணிக்கும் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே நிற்கிறது. அந்நேரம் முற்றத்தில் ஒரு கம்பை நேராக நட்டால், நிழல் விழும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் கிப்லா. பிள்ளைகளையும் அழைத்து அந்தக் கோட்டைச் சுண்ணாம்பால் வரைந்து வைத்துக்கொள்ளலாம். பிறகு காரை அக்கோட்டின் மீது நிறுத்தி, திசைகாட்டி என்ன சொல்கிறது என்று பார்க்கலாம்.