நோட்டின் பின்பக்கம்

புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு மலிவு விலை வீட்டில் அந்த நோட்டைப் பார்த்தோம். கெட்டி அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு, ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது. முன்பக்கம் பிரித்தால் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வரவு செலவு. பூ, கரகம், மேளக்காரர் சம்பளம், அன்னதான அரிசி என்று வரிசையாக எழுதியிருந்தது. நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கமிருந்து பிரித்தால் தொழிலாளர் சங்கக் கூட்டக் குறிப்பு. ஆயாக் கொட்டகைக் கூரை ஒழுகுவது, தண்ணீர்க் குழாய் வராதது, மழை நாளில் காலை ஆள்கணக்குப் பெரட்டுக்கு வந்து திரும்பியவர்களுக்குச் சம்பளம் உண்டா என்ற கேள்வி, சந்தா கட்டாதவர்கள் பெயர். கையெழுத்து இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

“எங்க வீட்டுக்காரரு எழுதுனது. கோயிலுக்கும் அவருதான் செயலாளரு, சங்கத்துக்கும் அவருதான். தோட்டத்துல எழுதத் தெரிஞ்ச ஆளு வேற யாரு இருந்தா?” என்றார் அந்தப் பாட்டி. முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். போன வருஷம் வீட்டைக் கழுவியபோது அதைத் தூக்கிப்போட இருந்தாராம். சாமிக் கணக்கு இருக்கிறதே என்றுதான் வைத்திருக்கிறார். சங்கம் பிழைத்தது சாமியால்.

கோலசிலாங்கூரிலும் உலு சிலாங்கூரிலும் நம் தொழிலாளர் இயக்கத்தின் ஆவணம் என்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் இப்படித்தான் எஞ்சியிருக்கிறது. திட்டமிட்டு யாரும் காக்கவில்லை, வேறு ஏதோ ஒன்றின் முதுகில் ஒட்டிக்கொண்டு தப்பியிருக்கிறது. இந்த இதழின் தலையங்கத்தை அதற்காகவே ஒதுக்குகிறோம்.

முதலாளிகளின் காகிதம் அப்படி இல்லை. ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் நிறுவனத்தின் ஏடுகள் லண்டன் மாநகர ஆவணக் காப்பகத்தில் அடுக்கி எண்ணிடப்பட்டுள்ளன. கத்ரி நிறுவனத்தின் ஏடுகள் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் உள்ளன. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமாரம் தோட்டத்தில் 1917ல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டதைப் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நட்டவர் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியே. சிலாங்கூர் ஆற்றங்கரையில் தோட்டம் நடத்திய அனுபவத்தை நாவலாக எழுதி, பிரான்சின் பெரும் இலக்கியப் பரிசான கோன்கூரை 1930ல் வென்றவர். காடு வெட்டிக் குழி தோண்டிக் கன்று ஊன்றிய கைகளின் பெயர்ப்பட்டியல் அந்தச் சரித்திரத்தில் இல்லை. அந்தப் பட்டியல் ஒரு காலத்தில் இருந்தது. அதன் பெயர் செக்ரோல். தினமும் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிட்டுக் குறித்த ஏடு அது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு மாதமும் எழுதப்பட்டது. எழுதப்படாத மக்கள் என்று நம்மைச் சொல்வது தவறு. அளவுக்கு மேல் எழுதப்பட்ட மக்கள் நாம். எழுதியதை வைத்துக்கொள்ளும் அலமாரிதான் நம்மிடம் இல்லை.

1941ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கிள்ளானில் தொடங்கிய வேலை நிறுத்தம் கோலசிலாங்கூர், கோல லங்காட் தோட்டங்களுக்கும் பரவியது. அதன் பின்னணி சம்பளம். ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற நாள்கூலி உலகப் பொருளாதார வீழ்ச்சியில் குறைக்கப்பட்டது. 1936 கடைசியில் இந்திய அரசின் சார்பில் இங்கு வந்த சீனிவாச சாஸ்திரி அதை மீட்டுத் தரச் சொன்னார். மீட்ட கூலியை 1938ல் மறுபடியும் குறைத்தார்கள். இந்திய அரசு அந்த ஆண்டு ஜூனில் உதவிப் பயணத்தில் ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. அப்புறம் போர் வந்தது, ரப்பர் விலை ஏறியது, அரிசி விலையும் ஏறியது. கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. “தமிழ் நேசன்” பத்திரிகையில் பணிபுரிந்த ஆர். எச். நாதன் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் மூலம் தோட்டத்து மக்களைத் திரட்டினார்.

கேட்டவை என்னென்ன? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு. பெண்களிடம் தகாதபடி நடப்பதை நிறுத்து. பிள்ளைகளுக்கு ஒழுங்கான தமிழ்ப் பள்ளி வேண்டும். கள்ளுக்கடையை மூடு. சொந்தபந்தம் தோட்டத்துக்கு வந்துபோகத் தடை போடாதே. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி.

அந்தக் கடைசிக் கோரிக்கையை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. நாள்கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய சைக்கிள். செம்மண் பாதையில் துரை வருகிறார். இறங்கி, ஓரமாக நின்று, அவர் கடந்த பிறகு ஏற வேண்டும். இதைக் கூலிக் கோரிக்கைக்குச் சமமாக வைத்துக் கேட்டார்கள். சங்கம் என்றால் சம்பள பேரம் என்று மட்டும் நினைக்கும் நம் இளையவர்கள் ஒருமுறை அந்தக் கோரிக்கைப் பட்டியலைப் படிக்க வேண்டும்.

மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டு எழுந்தார்கள். மே 16ஆம் தேதி சிலாங்கூரில் அவசர நிலை அறிவித்து ராணுவத்தை இறக்கினார்கள். 5 தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இவ்வளவும் நமக்குத் தெரிவது அரசாங்கக் கோப்புகளால் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் இருக்கின்றன. லண்டன் கியூவில் குடியேற்ற அமைச்சின் கோப்புகள் இருக்கின்றன. அவற்றைப் பேணியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அங்கே நம் பாட்டனாரின் கோரிக்கை ஓர் அதிகாரியின் ஆங்கிலத்தில் பேசுகிறது. கோப்பின் தலைப்பில் அவர் “கூலி”, அவர் செய்தது “கலவரம்”. மரியாதை என்ற சொல்லைச் சொன்னாரா, மானம் என்று சொன்னாரா, மனுஷனா மதிக்கணும் என்று சொன்னாரா? அந்தத் தமிழ் கோப்பில் இல்லை. சுடப்பட்ட மறுநாள் லயத்தில் என்ன பேசிக்கொண்டார்கள், பட்டினி கிடந்த வாரங்களில் அரிசி எங்கிருந்து வந்தது, யார் வீட்டுத் தாலி அடகுக்குப் போனது என்பதை எந்த அதிகாரியும் எழுதி வைக்கப் போவதில்லை. அதெல்லாம் நோட்டின் பின்பக்கத்தில் இருக்க வேண்டியவை.

அரசின் காகிதமும் முழுசாக இல்லை. 1957ல் வெள்ளையர் புறப்பட்டபோது, புதிய அரசின் கைக்குப் போகக் கூடாது என்று பிரித்த கோப்புகளைக் கோலாலம்பூரிலிருந்து லாரிகளில் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். எரிக்காமல் இங்கிலாந்துக்கு ஏற்றிச் சென்றவற்றைப் பல ஆண்டுகள் மறைத்து வைத்திருந்து, 2012ல்தான் பொதுப் பார்வைக்கு விடத் தொடங்கினார்கள்.

ஒரு காகிதம் தப்பிப் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் உலு சிலாங்கூரே சாட்சி. 1948 டிசம்பர் 12ஆம் தேதி, பத்தாங் காலிக்கு அருகே சுங்கை ரெமோக் தோட்டத்தில் ஆயுதம் இல்லாத 24 பேரை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். தப்பி ஓடியவர்களைச் சுட்டோம் என்றது அரசு. 1969ல் அந்தப் படைவீரர்களில் சிலர் லண்டன் பத்திரிகை ஒன்றிடம் உண்மையைச் சொன்னார்கள். லண்டன் காவல்துறை 1970ல் அவர்களின் வாக்குமூலத்தை எழுதி எடுத்தது. அங்கே ஆட்சி மாறியதும் விசாரணை நின்றது. எழுதியது மட்டும் கோப்பில் கிடந்தது. இறந்தவர்களின் பிள்ளைகள் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் இங்கிலாந்து நீதிமன்றப் படிகளை ஏறினார்கள். 2015ல் உச்ச நீதிமன்றம் பொது விசாரணைக்கு உத்தரவிட மறுத்தது. வழக்கில் தோற்றார்கள். ஆனாலும் இனி யாரும் பழைய கதையைக் கூசாமல் சொல்ல முடியாது.

போருக்குப் பிந்திய மூன்று ஆண்டுகள்தான் நம் இயக்கத்தின் வேகமான காலம். முதலில் பொதுத் தொழிலாளர் சங்கம், பிறகு அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம், தோட்டத்துக்குத் தோட்டம் கமிட்டி. 1948 ஜூனில் சட்டத்தைத் திருத்திச் சம்மேளனத்தைச் செல்லாததாக்கினார்கள். சில நாளில் அவசரகாலம் வந்தது. சம்மேளனத்தின் தலைவர், தஞ்சை வட்டாரத்துத் தம்பிக்கோட்டையைச் சேர்ந்த எஸ். ஏ. கணபதி, 1949 மார்ச்சில் ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டப் பகுதியில் துப்பாக்கி வைத்திருந்தார் என்று கைதானார். மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். இந்திய அரசின் முயற்சியும் அவரைக் காக்கவில்லை.

அந்த நாள்களில் ஒரு துண்டறிக்கை வீட்டில் அகப்பட்டாலே வழக்கு. தடை செய்யப்பட்ட சங்கத்தின் ரசீதை யார் பெட்டியில் வைத்திருப்பார்கள்? அடுப்பில் போட்டவர்களை இன்று குறை சொல்ல நமக்கு வாயில்லை. அரசு எரித்தது ஒரு பக்கம், பயத்தில் நாமே எரித்தது இன்னொரு பக்கம். அதற்கு முன்பே, போர்க்காலத்தில் ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிச் சென்றவர்களின் பெயர்களை இழந்தோம். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு வரிசையாகக் கல்லறைகள் உண்டு, அவற்றில் பெயர்கள் உண்டு. நம் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. அந்தப் பள்ளத்தை நம் எழுத்தாளர்கள்தாம் நிரப்ப முயன்றார்கள். ஆர். சண்முகத்தின் “சயாம் மரண ரயில்” போன்ற நாவல்கள் காப்பகம் செய்ய வேண்டிய வேலையின் ஒரு பங்கைச் செய்தன. நாவல் பெரிய காரியம்தான். ஆனாலும் என் தாத்தா போனாரா என்று கேட்கும் பேரனுக்கு நாவலால் பதில் தர முடியாது.

1954ல் பி. பி. நாராயணன் தலைமையில் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. நாட்டின் ஆகப் பெரிய தொழிற்சங்கமாக வளர்ந்தது. நாராயணன் 1962ல் மக்சேசே விருது பெற்றார், 1975 முதல் உலகச் சுதந்திரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராகவும் இருந்தார். அந்தக் கூட்டமைப்பின் ஏடுகளை இன்று ஆம்ஸ்டர்டாமில் சமூக வரலாற்று நிலையம் காத்து வைத்திருக்கிறது. சங்கம் நடத்திய “சங்கமணி”யில் சம்பள ஒப்பந்தச் செய்தியும் வந்தது, கதையும் கவிதையும் வந்தன. சங்கத்தின் கொள்கையில் நமக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. முதலாளிமார் சங்கத்தோடு அது அதிகம் இணங்கிப் போனது என்ற விமர்சனத்தை இந்த இதழும் பகிர்ந்துகொள்கிறது. அந்த விமர்சனத்தை நிறுவ வேண்டுமானாலும், அது தவறு என்று காட்ட வேண்டுமானாலும், கிளைக் கூட்டக் குறிப்புகளும் தோட்டக் கமிட்டிக் கடிதங்களும்தாம் வேண்டும்.

ஆகவே சங்கத் தலைமைக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பெட்டாலிங் ஜெயா தலைமையகத்திலும் கிளைகளிலும் உள்ள ஏடுகளுக்கு ஒரு பட்டியல் எடுத்து வெளியிடுங்கள். “சங்கமணி”யின் இதழ்களை ஒன்றுவிடாமல் படியெடுத்துப் பொதுவில் வையுங்கள். தனியார் ஏடுகளையும் ஏற்றுக்கொள்ளும் தேசிய ஆவணக் காப்பகத்திடம் மூலங்களை ஒப்படையுங்கள். இதில் எந்தக் கட்சிக்கும் நட்டமில்லை.

மற்ற வேலை நம்முடையது, அதற்கு நாள் குறைவு. தோட்டங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. இன்று செம்பனைக் குலை அறுப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்து, இந்தோனேசியத் தோழர்கள். அவர்களுக்கும் ஒரு நாள் இந்தக் காகிதம் பயன்படும். மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் என்ற ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் வீட்டுக்காக எத்தனை ஆண்டு அலைந்தன என்பது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். எத்தனை வருஷம் வேலை செய்தாய், எந்த லயத்தில் இருந்தாய், ஆதாரம் இருக்கிறதா என்று கேட்கும் உலகில் ஒரு பழைய சம்பளச் சீட்டுக்கு உள்ள மதிப்பு நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்தவர்களைக் கேளுங்கள். பல தோட்டங்கள் இன்று தமிழ்ப் பள்ளியின் பெயர்ப் பலகையில் மட்டும் உயிரோடிருக்கின்றன. லயம் இடிந்து, மரம் சாய்ந்து, பள்ளி மட்டும் தோட்டத்தின் பெயரைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையோரம் நிற்கிறது. அந்தப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளும் தொழிலாளர் ஆவணமே. பிள்ளையின் பெயருக்கு எதிரில் தகப்பன் செய்த வேலை எழுதியிருக்கும்.

இதற்குப் பெரிய கட்டடமோ மானியமோ வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்த நூல்களும் நோட்டீசுகளும்தாம் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. இலங்கையின் தமிழ் ஏடுகளை, மலையகத் தோட்ட மக்களுடையவற்றையும் சேர்த்து, 2005 முதல் “நூலகம்” நிறுவனம் தன்னார்வலர்களைக் கொண்டே எண்ணிம வடிவில் காத்துவருகிறது.

பெண்களைப் பற்றித் தனியாக ஒரு சொல். விடியலில் தீம்பாருக்குப் போய் ஆணுக்குச் சமமாக மரம் வெட்டியவர்கள், குறைந்த கூலி வாங்கியவர்கள். நாங்கள் பார்த்த அந்த நோட்டில் கூட்டத்துக்கு வந்தவர்கள் பெயரில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. நோட்டைக் காத்தவர் பெண். அவரிடம் கேட்டு எழுதினால் அந்தப் பின்பக்கத்தில் இன்னும் பல பக்கங்கள் சேரும்.

அடுத்த இதழிலிருந்து நான்கு பக்கங்களை இதற்கு ஒதுக்குகிறோம். கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, பத்து ஆராங், ரவாங், பத்தாங் காலி வாசகர்களே, இந்தத் தீபாவளிக்கு வீடு கழுவும்போது பழைய பெட்டியை ஒருமுறை அம்மாவோடு உட்கார்ந்து பிரியுங்கள். சந்தா ரசீது, சம்பளச் சீட்டு, வேலை நீக்கக் கடிதம், லயத்தைக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸ், கூட்டத்துக்கு அழைத்த துண்டுத்தாள், பெரட்டில் எடுத்த படம், எது கிடைத்தாலும் சொல்லி அனுப்புங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரை, தெரிந்த ஒருவர் உயிரோடிருக்கும்போதே பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள். எங்களுக்கு மூலம் வேண்டாம். உங்கள் வீட்டுக்கே வந்து, உங்கள் மேசையிலேயே படம் எடுத்து, நோட்டை உங்கள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவோம்.