மூச்சுக்கு எத்தனை வாட்?

புது செல்போன் வாங்கின பையனிடம் பேட்டரி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் "5000 எம்.ஏ.ஹெச். சார்" என்பான். அதே வீட்டு உள்ரூமில் தாத்தாவின் மூக்குக்குக் காற்று அனுப்பிக்கொண்டிருக்கும் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் எத்தனை வாட் என்று கேளுங்கள். "அதெல்லாம் இன்வர்ட்டர் இருக்கு சார், பாத்துக்கும்."

பாத்துக்காது.

நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரியில் காகிதக் கணக்குப்படி இருப்பது 1800 வாட்-அவர். இன்வர்ட்டர் தின்பது, பேட்டரிக்கு வயசானதில் போவது, கூடவே ஹாலில் யாருக்கென்று தெரியாமல் சுற்றும் ஃபேன், எல்லாம் கழித்தால் மூன்று மணி நேரம் நின்றால் பெரிசு. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் பல தெருக்களுக்குக் கரண்ட் வர நாட்கணக்கில் ஆயிற்று. 2023-ல் மிக்ஜாம் வந்தபோது தண்ணீர் நின்ற ஏரியாக்களில் ஷாக் அடிக்கக் கூடாதென்று அவர்களே கரண்ட்டை நிறுத்தினார்கள்.

ஆகவே கைவசம் ஒரு சிலிண்டர். 'பி டைப்' என்றால் கடைக்காரருக்குப் புரியும். இடுப்பளவு உயரம். நிரப்பினால் சுமார் 1500 லிட்டர். டாக்டர் சொன்னது நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிடம், பன்னிரண்டரை மணி நேரம். ரன்ரேட் போடத் தெரிந்தவனுக்கு இது தெரியாதா? 'பாவம், மூச்சு வாங்குதே' என்று நீங்களாக 4-க்குத் திருப்பினால் நேரம் பாதியாகும். சில நுரையீரல்களுக்கு அதிக ஆக்ஸிஜனே ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

சிலிண்டர் இருக்கும், திறக்கிற சாவி இருக்காது. அது கொலு பொம்மைப் பெட்டியில் இருக்கும். சணல் கயிற்றில் கோத்து சிலிண்டர் கழுத்திலேயே தொங்கவிடுங்கள். கரண்ட் போனதும் பாசத்தோடு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு வரும் அத்தையை வாசலிலேயே மடக்கி, கையில் டார்ச்சைக் கொடுங்கள். ஆக்ஸிஜன் பக்கத்தில் நெருப்பு ஆகாது.

காற்று மெத்தையும் கரண்ட் போனால் சப்பையாகிவிடும். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், ராத்திரியிலும். ஷிஃப்ட் போட்டுக்கொள்ளுங்கள். அக்கா தலையில் மட்டும் கட்டாதீர்கள். மருந்துப் பட்டியல், எத்தனை லிட்டர், டாக்டர் நம்பர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். அந்த 5000 எம்.ஏ.ஹெச்.சும் ஒருநாள் தீரும்.

லிஃப்ட் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கரண்ட் போனால் 108 வண்டி கீழேதான் நிற்கும். மூன்றாவது மாடிப் படித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். திரும்பாது என்றால் கைப்பிடி வைத்த உறுதியான நாற்காலி, நாலு பேர். அந்த நாலு பேர் யார் என்று மழைக்கு முன்னால் பேசி வைக்கணும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிலிண்டரைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு மெயினை அணைத்துப் பாருங்கள். நண்பன் வீட்டில் அப்படித்தான் செய்தோம். நாலு மணி நேரம் வரும் என்று கடையில் சத்தியம் பண்ணின பேட்டரி ஒரு மணி பத்து நிமிடத்தில் 'கீ...' என்று கத்திற்று. குழாயை சிலிண்டருக்கு மாற்றினோம். தாத்தா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"என்னடா, புயல் வந்துடுச்சா?"

"இல்ல தாத்தா, ரிகர்சல்."

"அப்ப காபி குடு."