ஜப்பானில் சாப்பாடும் சங்கீதமும்

"மாப்பிள்ளைக்கு ஒசாகாவிலே வேலை", "பையன் டோக்கியோவிலே இருக்கான்" என்று சொல்லும் வீடுகள் இப்போது நம் தெருவிலேயே உண்டு. பிரசவம் பார்க்கப் போகிற அம்மாக்களுக்கும், கைக்குழந்தையோடு போய்ச் சேருகிற இளம் தாய்மார்களுக்கும் முதல் கவலை, "அங்கே என்னத்தைச் சாப்பிடறது?" என்பதுதான். அடுத்தது, "சாயங்காலம் எங்கேயாவது போய் நாலு பாட்டுக் கேட்கலாமா?" இரண்டையும் இந்த இதழில் பார்த்துவிடுவோம்.

சைவச் சகோதரிகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் 'தாஷி'. நம் ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் மாதிரி, ஜப்பானியச் சமையலுக்கு இந்தச் சாறுதான் அடிப்படை. பெரும்பாலும் சூரை மீனை வேகவைத்து, புகையிட்டுக் காயவைத்துச் சீவிய சீவலில் எடுப்பார்கள். நம் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன்! கண்ணுக்கு மீன் தெரியாது. ஆனால் மிஸோ சூப், நூடுல்ஸ் சாறு, காய்கறிக் கூட்டு எல்லாவற்றிலும் அது இருக்கும். "மீன், இறைச்சி வேண்டாம்" என்றால் மட்டும் போதாது. "மீன் தாஷியும் வேண்டாம்" என்று ஜப்பானிய மொழியில் ஒரு அட்டையில் எழுதி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கியோட்டோவில் புத்த மடங்களின் 'ஷோஜின் ரியோரி' என்ற சாப்பாடு கிடைக்கும். மீன், இறைச்சி கிடையாது. வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. கடற்பாசியிலும் காளானிலும் சாறு எடுப்பார்கள். கோபே நகரில் இந்தியக் குடும்பங்கள் பல தலைமுறையாக வசிக்கிறார்கள்; 1985-இல் கட்டிய சமணக் கோயிலும் உண்டு. டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் போனால் நம் நாட்டுக் கடைகளும் ஹோட்டல்களும் இருக்கின்றன.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒசாகாவின் தோத்தோன்போரி தெரு ஒரு திருவிழா. ஆக்டோபஸ் துண்டு வைத்த தக்கோயாக்கி, முட்டைகோஸ் போட்ட அடை போன்ற ஒக்கோனோமியாக்கி எல்லாம் சுடச்சுடக் கிடைக்கும். ஃபுகுவோகாவில் ஆற்றங்கரையோரம் சாயங்காலம் 'யத்தாய்' என்னும் தள்ளுவண்டிக் கடைகள் முளைக்கும். அங்கே பேர்போன ராமென் நூடுல்ஸின் சாறு பன்றி எலும்பில் காய்ச்சியது. பன்றி இறைச்சி ஆகாதவர்கள் கவனிக்கவும். வண்டியைச் சுற்றிப் பத்துப் பேர்தான் நெருக்கி உட்காரலாம். குழந்தை வண்டிக்கு இடமிராது.

இன்னொரு ஜாக்கிரதை, சோபா! உட்காருகிற சோபா இல்லை. பாப்பரை மாவில் செய்கிற நூடுல்ஸ். சில குழந்தைகளுக்கு இது கடுமையான ஒவ்வாமையைத் தரும், மூச்சே திணறலாம். பல கடைகளில் கோதுமை நூடுல்ஸையும் அதே தண்ணீரில்தான் வேகவைப்பார்கள். அதனால் இந்த ஒவ்வாமை உள்ள குழந்தையை சோபா கடைக்கே அழைத்துப் போகாதீர்கள்.

'இஸகாயா' என்பது குடியும் சிறு பலகாரமுமாக இருக்கும் கடை. குடும்பத்தோடும் போகிறார்கள். உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும். இலவசம் என்று நினைக்க வேண்டாம், தலைக்கு இவ்வளவு என்று பில்லில் ஏறும். ஆனால் டிப்ஸ் கொடுக்க வேண்டியதில்லை. உள்ளே நுழையுமுன் வாசல் பலகையைப் பாருங்கள். 2020 ஏப்ரல் முதல் ஹோட்டல்களுக்குள் புகைபிடிக்கச் சட்டம் தடை போட்டிருக்கிறது. என்றாலும் பழைய சிறு கடைகள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. புகை உள்ள இடத்தில் 20 வயது ஆகாதவர்களை விடமாட்டார்கள். பச்சைக்குழந்தைக்கு அது நல்லதுதானே!

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் 'அமஸாக்கே' என்ற இனிப்புப் பானத்தைக் கேட்டுக் குடியுங்கள். அரிசியைப் புளிக்கவைக்கும் 'கோஜி'யில் செய்ததில் மது இராது. சாராயச் சக்கையில் செய்ததில் கொஞ்சம் இருக்கும்.

இனி சங்கீதம். 1923-இல் ஜப்பானின் முதல் தொழில்முறை ஜாஸ் குழு தொடங்கியது கோபேயில்தான். அதனால் அந்த ஊருக்கு ஜாஸ் என்றால் தனிப் பெருமை. டோக்கியோவில் ஷின்ஜூக்கு பிட் இன் 1965 முதலும், ப்ளூ நோட் 1988 முதலும் நடக்கின்றன. 'லைவ் ஹவுஸ்' என்னும் சிறு அரங்குகளில் டிக்கெட் போக ஒரு பானமும் கட்டாயம் வாங்க வேண்டும். பழரசம் வாங்கினாலும் போதும். 'ஜாஸ் கிஸ்ஸா' என்பது வேறு. அங்கே இசைத்தட்டுதான் சுழலும். பல இடங்களில் பேசினாலே முறைப்பார்கள். குழந்தையோடு போக ஏற்ற இடமில்லை.

குழந்தை இருக்கிறவர்கள் மனசைத் தளரவிட வேண்டாம். செண்டாய் நகரில் 1991 முதல் செப்டம்பரில் ஜோசென்ஜி தெரு ஜாஸ் விழா நடக்கிறது. ஒசாகாவுக்குப் பக்கத்தில் தக்கட்சுகியில் மே மாதத் தொடக்கத்தில் இதேபோல ஒரு விழா. இரண்டிலும் காசு கொடுக்காமல் தெருவில் நின்றே கேட்கலாம். குழந்தை அழுதால் நாலடி நகர்ந்துபோய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். ஒலிபெருக்கிக்கு முன்னால் மட்டும் நிற்காதீர்கள். பிஞ்சுக் காது தாங்காது.

கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பிவிடும், டாக்ஸிக்கோ கொள்ளைப் பணம். பாட்டு எவ்வளவு இனித்தாலும், கடிகாரத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும்!